ஊமைக்கரட்டுப் பல்லி

யாழினி விலங்கியல் துறை வாசலில் வந்து நின்றபோது பேராசிரியை ஜெயபாரதிக்கு முதலில் ஆள் யாரென்று தெரியவில்லை. படிக்கிற காலத்தில் எண்ணெய் வழிய வாரி இரட்டைச் சடை போட்டு வந்த பெண். இப்போது முடியைக் கழுத்தோடு வெட்டியிருந்தாள். முதுகில் பெரிய பை, காலில் மண் அப்பிய ஷூ.

"மேடம், யாழினிங்க. ஊத்துக்குளிப் பக்கமிருந்து வருவேனே" என்று சொன்ன பிறகுதான் ஜெயபாரதி எழுந்து போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஐந்து வருடத்துக்கு முன்னால் அந்தக் கல்லூரியில் பட்டம் வாங்கியவள். அவளோடு படித்த முப்பத்தெட்டுப் பேரில் பாதிப்பேர் பனியன் கம்பெனிகளில் மெர்ச்சண்டைசிங், செக்கிங் என்று சேர்ந்துவிட்டார்கள். மீதிப்பேருக்குக் கல்யாணமாகிவிட்டது. இவள் ஒருத்திதான் பெங்களூர் போய் ஆராய்ச்சியில் சேர்ந்தாள். அவள் படத்தைத் துறையின் அறிவிப்புப் பலகையில் ஒட்டி, புதிதாக வரும் பிள்ளைகளிடமெல்லாம் "நம்ம பொண்ணு" என்று காட்டியது ஜெயபாரதிதான்.

யாழினி வந்தது பல்லி தேடி. சுவரில் இரவில் ஊரும் பல்லி அல்ல. பாறைச் சந்துகளில் பகலில் ஓடித் திரியும், விரல் நீளம்கூட இல்லாத சிறு பல்லி. பாலக்காட்டுக் கணவாயின் இருபுறமும் வெட்டவெளியில் தனித்தனியாக நிற்கும் கரடுகளில், அந்தச் சின்னப் பாறைக் குன்றுகளில் ஏறி, எந்தக் கரட்டில் எந்த இனம் இருக்கிறது, எதற்கு எது உறவு என்று பார்ப்பதுதான் அவள் ஆராய்ச்சி. இருபத்தியாறு கரடு முடித்துவிட்டாளாம்.

"இருபத்தேழாவது எங்க ஊர்க் கரடுங்க மேடம். ஊமைக்கரடு. சனிக்கிழமை நீங்களும் வரணும்."

அந்தப் பெயரைக் கேட்டதும் ஜெயபாரதி மேசையிலிருந்த தாள்களை அடுக்கத் தொடங்கினாள். விடைத்தாள் திருத்தும் வேலை இருக்கிறது என்றாள். வெயில் ஆகாது என்றாள். யாழினி விடவில்லை. பரிணாமம் என்றால் என்னவென்று தனக்கு முதலில் சொல்லித் தந்தவர் வராமல், அந்தக் கரட்டில் தான் எப்படிக் கால் வைப்பது என்று கேட்டாள். ஜெயபாரதிக்கு வேறு சாக்குக் கிடைக்கவில்லை.

ஊமைக்கரடு அவளுக்குத் தெரியும். அதாவது, அடிவாரம் தெரியும்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு சித்திரை மாதத்தில், ஈரோட்டில் ஆலோசனை நிறுவனம் நடத்தும் அர்த்தநாரி என்பவர் ஒரு வேலையோடு வந்தார். அந்தக் கரட்டில் கல்குவாரிக்கு அனுமதி கேட்டிருந்தார்கள். அதற்கான அறிக்கையில் அங்கே உள்ள செடிகொடிகள், உயிரினங்கள் பற்றி ஒரு அத்தியாயம் வேண்டும். முனைவர் பட்டம் வாங்கிய ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். அர்த்தநாரி அவளை வல்லுநர் என்று சொன்னார். பன்னிரண்டு வருட வேலையில் அவளை யாரும் அப்படிச் சொன்னதில்லை. கல்லூரியில் அவள் வருகைப்பதிவேடு பார்ப்பவள், தேர்வு அறையில் நிற்பவள், ஆண்டு விழாவுக்குக் கோலப்போட்டி நடத்துபவள். அட்டையில் 'சூழலியல் வல்லுநர் முனைவர் ஜெயபாரதி' என்று அச்சாகும் என்றதும் அவளுக்கு முகமெல்லாம் சூடேறியது, ஒப்புக்கொண்டாள்.

ஒரு நாள் அவள் கணவர் வேல்குமார் காரில் கூட்டிப் போனார். மத்தியானம் பன்னிரண்டரை. காரைவிட்டு இறங்கிப் பத்தடி நடந்தாள். கல் கொதித்தது. கைபேசியில் நாலு படம் எடுத்துக்கொண்டு ஏசிக்குள் வந்து உட்கார்ந்துவிட்டாள். வீட்டுக்கு வந்து, மலைமேல் கட்டவிருந்த ஏதோ ஒரு விடுதிக்காக யாரோ எழுதி வைத்திருந்த பழைய அறிக்கையிலிருந்து பட்டியலை எடுத்து ஒட்டினாள். யானையை எடுத்தாள். கடமானை எடுத்தாள். இருவாச்சிப் பறவையையும் மறக்காமல் எடுத்தாள். கடைசியில், 'அரிய உயிரினம் எதுவும் தென்படவில்லை. மூன்று நாள் கள ஆய்வு செய்யப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அச்சாகி வந்த புத்தகத்தில் தன் பெயரை இரண்டு மூன்று தடவை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு மறந்தே போனாள்.

சனிக்கிழமை காலை ஆறரைக்கு இருவரும் கரட்டடியில் இருந்தார்கள். கிழக்கிலிருந்து பார்த்தால் கரடு முழுசாகத் தெரிந்தது. சுற்றிக்கொண்டு தெற்கே போனதும் ஜெயபாரதி நின்றுவிட்டாள். தெற்குப் பாதியைக் காணோம். வெட்டியெடுத்த கேக்கைப் போலச் செங்குத்தாக ஒரு வெள்ளைச் சுவர். கீழே பள்ளத்தில் பச்சைத் தண்ணீர். கிரஷர் சத்தம் அந்த நேரத்திலேயே ஆரம்பித்திருந்தது. டிப்பர்கள் வரிசையாக நின்றன. ஜல்லியெல்லாம் பைபாஸ் ஓரத்தில் கட்டுகிற நிட்டிங் ஷெட்டுகளுக்குப் போகிறது என்றாள் யாழினி. தெற்குப் பக்கம் முதல் கட்டமாம். வடக்குப் பக்கத்துக்கு அடுத்த வருடம் அனுமதி புதுப்பிக்க வேண்டுமாம்.

வடக்குப் பக்கமாக ஏறினார்கள். யாழினி ஆடு போல ஏறினாள். நடுவில் ஜெயபாரதிக்கு மூச்சு வாங்கும்போதெல்லாம் அவளும் நின்று பேசினாள்.

"இந்தக் கரடெல்லாம் மண்ணுக்குள்ளிருந்து மொளச்சு வந்ததில்லீங்க மேடம். சுத்தியிருந்ததெல்லாம் கரைஞ்சு எறங்கிப் போச்சு. இது மட்டும் கரையாம நின்னுக்கிச்சு."

கணவாயைப் பற்றிச் சொன்னாள். ஆடி மாதத்தில் பல்லடத்துக்கும் உடுமலைக்கும் நடுவே காற்றாலைக் காத்தாடிகளைச் சுழற்றுகிறதே, அந்தக் காற்று நுழைகிற வாசல் அதுதான். அந்த இடத்தில் பூமிக்குள் விழுந்த விரிசல் ஐம்பது கோடி வருடப் பழசு. இந்த நிலமும் மடகாஸ்கரும் ஒட்டிக்கிடந்த காலத்தது. நொறுங்கிய அந்தத் தடத்தை மழையும் ஆறும் அரித்து அரித்து அகலப்படுத்தின. வடக்கே நீலகிரி ஒதுங்கியது, தெற்கே ஆனைமலையும் பழனிமலையும் ஒதுங்கின. நீலகிரியிலிருந்த சிரிப்பான் என்ற மலைக்குருவி ஆனைமலைக்குப் போகவில்லை, ஆனைமலையிலிருந்தது நீலகிரிக்கு வரவில்லை. காலப்போக்கில் இரண்டும் வேறுவேறு இனமாகிவிட்டன. இந்தக் கீழ்நாட்டிலும் ஒரு காலத்தில் ஈரக்காடு இருந்திருக்க வேண்டும். அப்போது பல்லிகள் நடந்தே பரவியிருக்கும். பிறகு நிலம் காய்ந்தது. நிழலும் கசிவும் இருந்த கரடுகளில் ஒதுங்கியவை மட்டும் தப்பின.

"நமக்குத்தான் கரட்டச் சுத்தி இருக்கறது வெறும் மேட்டாங்காடு. பல்லிக்கு இது கடலுங்க மேடம். தாண்ட முடியாது. ஒவ்வொரு கரடும் ஒரு தீவு."

ஜெயபாரதி தலையாட்டினாள். தனித்தீவில் ஒதுங்கிய உயிர் தனியினமாகும் என்ற பாடத்தை அவள் பதினான்கு வருடமாக நடத்துகிறாள். எங்கோ பசிபிக் கடலில் இருக்கும் தீவுகளை, பலகையில் வண்ணச் சாக்கால் வரைந்து காட்டுவாள். குருவிகளின் அலகை ஐந்து விதமாக வரைவாள். கல்லூரியிலிருந்து இருபது கிலோமீட்டரில் இது நின்றுகொண்டிருந்தது. அவள் பத்தடிக்கு மேல் நடக்கவில்லை.

மேலே, குடை போலக் கவிந்த ஒரு பாறைக்கு அடியில் யாழினி மண்டியிட்டாள். கையசைத்துக் கூப்பிட்டாள். ஜெயபாரதிக்குப் பாறைதான் தெரிந்தது. சாம்பலும் கறுப்பும் திட்டுத்திட்டாக. பிறகு ஒரு திட்டு தலையைத் திருப்பியது. வட்டக் கண். தொண்டையில் மஞ்சள் கோடு. ஒரு நொடி இருவரையும் பார்த்துவிட்டுச் சந்துக்குள் வழுக்கிப் போய்விட்டது.

யாழினியின் கண்ணில் நீர் நின்றது. இருபத்தியாறு கரட்டிலும் இந்த மஞ்சள் கோட்டைப் பார்த்ததில்லை என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கி, "செகண்ட் இயர்ல உங்ககிட்ட ஒரு படம் காட்டுனேனுங்க மேடம், போன்ல. இதேதான். நீங்க சொவத்துப் பல்லின்னு சொன்னீங்க. நானும் அப்படியே விட்டுட்டேன்" என்றாள். குறையாகச் சொல்லவில்லை; பழைய வகுப்பறை ஞாபகம் ஒன்றைச் சொல்வது போலச் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

மத்தியானம் வரை பதினொரு பல்லி எண்ணினாள். மூன்றின் வால் நுனியில் துளி வெட்டிச் சிறு குப்பிகளில் போட்டுக்கொண்டாள். பிறகு நிழலில் உட்கார்ந்து புளிச்சோறு தின்னும்போதுதான் அந்தப் பேச்சை எடுத்தாள். குவாரிக்கு அனுமதி கொடுக்கும் முன் ஊரில் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்ததாம். அங்கே கொடுத்த சுருக்கம் இரண்டு பக்கம் மட்டும் அவள் அப்பா வைத்திருந்தாராம். பையிலிருந்து எடுத்துப் படித்தாள்.

"இதைக் கேளுங்க மேடம். பட்டியல்ல பறக்கும் தவளை போட்டிருக்காங்க. மலபார்ப் பறக்கும் தவளை. வருசம் முச்சூடும் மழை பேயற காட்டுல, மரத்து மேல நுரைக்கூடு கட்டற தவளை. அது இந்தக் கல்லு மேல எப்படிங்க வந்துச்சு? காங்கயம் பஸ் ஏறி வந்துச்சா?"

யாழினி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எழுதினவன் கரட்டை ஏறிட்டுப் பார்த்திருக்கக்கூட மாட்டான் என்றாள்.

ஜெயபாரதியும் சிரித்தாள். அது தன் வாயிலிருந்துதான் வந்தது என்பது அவள் காதில் விழுந்தபோது கையிலிருந்த சோறு கையிலேயே நின்றது. சிரிப்பை நிறுத்தினால் தெரிந்துவிடும் என்று இன்னும் கொஞ்சம் சிரித்தாள்.

இறங்கும்போது யாழினி இன்னொன்றையும் சொன்னாள். அந்தக் கூட்டத்தில் அவள் அப்பா பொங்கியண்ணன் எழுந்து, கரட்டில் மேற்புறம் வற்றாத சுனை இருக்கிறது, கவுதாரி இருக்கிறது, வேறெங்கும் பார்க்காத பல்லி ஒன்று இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். மேடையிலிருந்த ஒருவர் புத்தகத்தைத் தூக்கிக் காட்டி, வல்லுநரே மூன்று நாள் ஏறிப் பார்த்து ஒன்றுமில்லை என்று எழுதிவிட்டார், பல்லிக்காக ஊர் வளர்ச்சியை நிறுத்த முடியுமா என்று கேட்டிருக்கிறார். பந்தலில் இருந்த அத்தனை பேரும் சிரித்திருக்கிறார்கள். அதற்கப்புறம் அப்பா எந்தக் கூட்டத்துக்கும் போவதில்லை. முழு அறிக்கையையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு எழுதிப் போட்டிருக்கிறேன், யார் எழுதினார்கள் என்று பார்க்கப் போகிறேன் என்றாள் யாழினி.

திங்கட்கிழமையே ஜெயபாரதி விடுப்புப் போட்டு ஈரோட்டுக்குப் பஸ் ஏறினாள். புத்தகத்திலிருந்து தன் பெயரை எடுக்க முடியுமா என்று கேட்டாள். அர்த்தநாரி அவளுக்குக் காபி வரவழைத்தார். பதிவான அறிக்கையில் பெயரை எடுக்க முடியாது. ஆனால் ஒரு திருத்தத் தாள் சேர்க்கலாம், தவளை தட்டச்சுப் பிழை என்று போட்டுவிடலாம், தேதி பழையதாகவே இருக்கட்டும் என்றார். அவர் சொல்லச் சொல்ல உதவியாளர் தட்டச்சு செய்தார். ஜெயபாரதி கையெழுத்துப் போட்டாள். இரண்டு பிரதியிலும் போட்டாள்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவளுக்கு, முதல் கையெழுத்தாவது சோம்பலில் போட்டது என்று தோன்றியது. இதற்கு அந்தச் சாக்குகூட இல்லை. பெருந்துறையில் பழ வியாபாரி ஒருவன் கொய்யாவை நீட்டியபோது, அவன் தன்னை ஏதோ கேட்பதாக நினைத்து அவள் திடுக்கிட்டுப் பார்த்தாள்.

வேல்குமாரிடம் அரைகுறையாகச் சொன்னாள். பனியன் ஏற்றுமதித் தொழிலில், ஷிப்மெண்ட் அவசரத்தில் இருந்தார் அவர். யார் படிக்கப் போகிறார்கள், விடு என்றார். அவளும் விடப் பார்த்தாள். இரண்டரை மாதம் அப்படிப் போனது. வகுப்பில் அந்தப் பாடம் வந்தபோது நோட்ஸைக் கொடுத்துப் படித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, பலகைப் பக்கம் திரும்பாமலே மணியடிக்கும் வரை உட்கார்ந்திருந்தாள்.

ஐப்பசியில் ஒரு நாள் மாலை யாழினி கைபேசியில் அழைத்தாள். நலம் விசாரிக்காமல் நேரே விஷயத்துக்கு வந்தாள். கேட்ட அறிக்கை இன்னும் வரவில்லையாம், ஆனால் மரபணு முடிவு வந்துவிட்டதாம். ஊமைக்கரட்டுப் பல்லி இதுவரை யாரும் பெயர் வைக்காத தனியினம். அதிசயம் என்னவென்றால், கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் வடக்கே இருக்கிற கரட்டுப் பல்லிகள் அதற்கு உறவில்லை. கணவாய்க்குத் தெற்கே, ஆனைமலை அடிவாரத்தில் இருக்கிற ஒன்றுதான் அதன் நெருங்கிய பங்காளி. இரண்டும் பிரிந்து ஒன்றரைக் கோடி வருடம் இருக்கலாம். இங்கே ஈரம் இருந்த காலத்தில் தெற்கேயிருந்து வந்து, நிலம் காய்ந்தபோது இந்த ஒரே கல்லில் மாட்டிக்கொண்டது. உலகத்தில் வேறெங்கும் இல்லை.

"மேடம், இதுக்குப் பேரு வெக்கற உரிமை எனக்குங்க. உங்க பேரை வெக்கலாம்னு இருக்கேன். ஜெயபாரதியோட பல்லின்னு வரும். நீங்க வேண்டாம்னு சொல்லக்கூடாது."

ஜெயபாரதி கைபேசியைக் காதிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். உள்ளிருந்து யாழினியின் குரல், "மேடம், மேடம், லைன்ல இருக்கீங்களா" என்று சின்னதாகக் கேட்டுக்கொண்டிருந்தது. மறுபடி எடுத்து, எப்போது ஊருக்கு வருவாய் என்று கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை என்றாள் யாழினி. நான் உங்கள் வீட்டுக்கு வருகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

ஞாயிறன்று அவள் போனபோது யாழினியின் அம்மா ரங்காத்தாள் வாசலுக்கே வந்துவிட்டாள். "வாங்க டீச்சர், எங்க ஊட்டுக்கு வர உங்களுக்கு இன்னிக்குத்தான் வழி தெரிஞ்சுதாக்கும்" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். மோர் கொண்டுவந்தாள். ஒரு பித்தளைத் தூக்கில் வெண்ணெய் எடுத்து, கொண்டுபோகச் சொல்லிப் பக்கத்தில் வைத்தாள். பொங்கியண்ணன் மாட்டுக்குத் தீவனம் போட்டுவிட்டு, கையைக் கழுவி வந்து எதிரில் உட்கார்ந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும், குறைவாகப் பேசுகிற மனிதர். யாழினி மடிக்கணினியைத் திறந்து ஏதோ காட்ட வந்தாள்.

ஜெயபாரதி மோரைத் தொடவில்லை. குடித்துவிட்டால் சொல்ல முடியாது என்று பட்டது.

"யாழினி, அந்த அறிக்கையை எழுதுனது நான்தான். தவளையைப் போட்டதும் நான்தான். கரட்டு மேல நான் ஏறவேயில்ல."

அதற்கு மேலும் சொன்னாள். காரில் உட்கார்ந்திருந்தது, பட்டியலை எடுத்து ஒட்டியது, யானையை எடுத்தது, ஈரோட்டில் போய்த் திருத்தத் தாளில் கையெழுத்துப் போட்டது வரை ஒன்றையும் விடவில்லை. சொல்லும்போது யார் முகத்தையும் பார்க்கவில்லை. சிமெண்டுத் தரையில் கோழி ஒன்று வந்து அவள் செருப்பைக் கொத்திப் பார்த்துவிட்டுப் போனது.

முதலில் பேசியவர் பொங்கியண்ணன். கோபமாகப் பேசியிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"நாந்தான் தப்பாப் பாத்துட்டனாக்கும்னு நெனச்சுட்டனுங்க டீச்சர். சின்னதுலிருந்து பாத்த பல்லி. இருந்தாலும், படிச்சவங்க மூணு நாளு பாத்து எழுதியிருக்கறாங்க, நம்ம கண்ணுலதான் கோளாறுன்னு நெனச்சேன். அதுக்கப்புறம் கரட்டுப் பக்கம் போனாலே எனக்கு எதையும் உத்துப் பாக்கத் தோணறதில்லீங்க."

அவ்வளவுதான் சொன்னார். எழுந்து மாட்டுக் கொட்டகைக்குப் போய்விட்டார். ரங்காத்தாள் என்ன செய்வதென்று தெரியாமல் தம்ளரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

யாழினி மடிக்கணினியை மூடினாள். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அன்னிக்கு நான் போன்ல காட்டுன படத்தை, நீங்க பாத்தீங்களாங்க மேடம்? பாத்துட்டுத்தான் சொவத்துப் பல்லின்னு சொன்னீங்களா?"

ஜெயபாரதிக்கு அந்த நாள் நன்றாக ஞாபகம் இருந்தது. வருகைப்பதிவேடு கூட்டிக்கொண்டிருந்தாள். மூக்குக்கண்ணாடி மேசையில் கிடந்தது. கைபேசி நீண்ட பக்கம் முகத்தைத் திருப்பினாள், அவ்வளவுதான்.

"இல்ல" என்றாள்.

யாழினி தலையை அசைத்தாள். வாசல் வரை வந்து வழியனுப்பினாள். மரியாதைக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. வெண்ணெய்த் தூக்கு நாற்காலிப் பக்கத்திலேயே இருந்தது. எடுத்துப் போங்கள் என்று யாரும் சொல்லவில்லை, அவளும் எடுக்கவில்லை.

அடுத்த வாரம் ஜெயபாரதி மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு நேரில் போய் எழுத்தில் கொடுத்தாள். என் அத்தியாயம் பொய், கள ஆய்வு நடக்கவில்லை, திருத்தத் தாளும் பொய் என்று ஒன்றரைப் பக்கம். வாங்கிய எழுத்தர் படித்துவிட்டு, அம்மா இதைக் கொடுத்தே ஆகணுமா என்று இரண்டு தடவை கேட்டார். அர்த்தநாரி அழைத்துக் கத்தினார். கல்லூரி முதல்வர் விளக்கம் கேட்டுக் கடிதம் கொடுத்தார். அந்த வருடம் அவளுக்கு வரவேண்டிய துறைத்தலைமை இளையவர் ஒருவருக்குப் போனது. அறிவிப்புப் பலகையைக் கடந்து ஓய்வறைக்குள் போகும்போது பேச்சு நிற்பதை அவள் பழகிக்கொண்டாள். வேல்குமார் மட்டும், கூட்டிப் போன நானும்தான் மேலே ஏறிப் பார் என்று சொல்லவில்லை என்றார். அது அவளுக்குக் கொஞ்சம் ஆதரவாக இருந்தது.

தை மாதம், அவள் கடிதத்தை விசாரிக்கக் குழு ஒன்று கரட்டைப் பார்க்க வந்தது. ஜெயபாரதியும் வர வேண்டும் என்று உத்தரவு. யாழினி பெங்களூரில் இருந்தாள். குவாரிக்காரர்களின் வக்கீல் கரட்டடியிலேயே ஜெயபாரதியைப் பிடித்தார். முதலில் ஒன்றுமில்லை என்று கையெழுத்து, பிறகு தட்டச்சுப் பிழை என்று கையெழுத்து, இப்போது எல்லாம் பொய் என்று கையெழுத்து. இதில் எந்தக் கையெழுத்தை நம்புவது என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அவள் வடக்குப் பக்கமாக ஏறத் தொடங்கினாள்.

மேலே ஏறி ஒன்றரை மணி நேரம் தேடினாள். ஒரு பல்லியும் கண்ணில் படவில்லை. குழுவில் வந்தவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். குவாரி ஆட்கள் தங்களுக்குள் சிரித்துக்கொண்டார்கள். பாறைக்குப் பாறை முழங்காலிட்டுச் சிராய்த்துக்கொண்டே அவள் போனபோது, பொங்கியண்ணன் கீழிருந்து மெதுவாக ஏறி வருவதைப் பார்த்தாள். யாரும் அவரைக் கூப்பிட்டிருக்கவில்லை. அவளைத் தாண்டிப் போய், சுனைக்கு மேல் ஒரு கவிந்த கல்லின் அடியில் குந்தி உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இதா இருக்குதுங்க" என்றார், பொதுவாக எல்லாருக்கும். "மூணு இருக்குது. ஒண்ணு முட்டையோட."

குழுத் தலைவர் படுத்துக்கொண்டு படம் எடுத்தார். வடக்குப் பக்கத்தில் அடுத்த உத்தரவு வரும் வரை கை வைக்கக் கூடாது என்று மாசியில் ஆணை வந்தது. அடுத்த உத்தரவு எப்போது வரும், என்னவென்று வரும் என்பது யாருக்கும் தெரியாது. தெற்குப் பாதி போனது போனதுதான். அங்கே எத்தனை பல்லி இருந்தது என்று கணக்குச் சொல்ல இனி ஆளில்லை. சொல்லியிருக்க வேண்டியவள் ஒருத்தி, அவள் காருக்குள் உட்கார்ந்திருந்தாள்.

அதற்கு அடுத்த வருடம் யாழினியின் கட்டுரை வெளிவந்தது. அவள் அனுப்பவில்லை, ஜெயபாரதியே தேடி எடுத்தாள். பல்லிக்கு ஊரின் பெயரை வைத்திருந்தாள். நன்றி சொல்லும் இடத்தில் பொங்கியண்ணன் பெயர் முதலில் இருந்தது. ஜெயபாரதி தன் பெயரை அங்கே தேடவில்லை. அது ஆறாவது பக்கத்தில் இருந்தது.

அன்று மூன்றாமாண்டு வகுப்புக்கு அந்தக் கட்டுரையை நாற்பது பிரதி எடுத்துக்கொண்டு போனாள். தீவுகளை வரையவில்லை, அலகுகளையும் வரையவில்லை. கணவாயை வரைந்தாள், இருபுறமும் கரடுகளைப் புள்ளி வைத்தாள். பிறகு ஒவ்வொருவராகப் பத்தி பத்தியாகப் படித்துத் தமிழில் சொல்லச் சொன்னாள். ஆறாவது பக்கம் அனுப்பிரியா என்ற பெண்ணுக்கு வந்தது. கெட்டிக்காரி, தடுமாறாமல் சொல்லிக்கொண்டு போனவள் ஓரிடத்தில் நின்றாள்.

"என்ன இருக்குது, சொல்லு" என்றாள் ஜெயபாரதி.

"'இந்தக் கரட்டில் இதற்கு முன் நடந்ததாகச் சொல்லப்படும் ஒரே ஆய்வை நம்ப முடியாது. ஆய்வாளர் அங்கே ஏறவில்லை என்று அவரே பின்னர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.' அடைப்புக்குள்ள ஒரு பேரு இருக்குதுங்க மேடம்."

"படி."

அந்தப் பெண் நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். வகுப்பே பார்த்தது. ஜெயபாரதிக்குக் காது இரண்டும் எரிந்தன. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அது நான்தான். வேற யாருமில்ல. படிச்சுட்டு அடுத்த வரிக்குப் போ, கண்ணு."

அனுப்பிரியா தாளுக்குத் திரும்பினாள். பிறகு பெயரைப் படித்தாள். அடுத்த வரியில் பல்லியின் தொண்டை நிறம் பற்றி எழுதியிருந்தது, அதையும் படித்தாள்.